சட்னி முடிச்சு

அஞ்செட்டி ரோட்டில் முனிகிருஷ்ணப்பா ஓட்டலில்
பார்சல் கட்டுவது என் வேலை.
சட்னிக்கு ஒரு கவர், சாம்பாருக்கு ஒரு கவர்.
வாயைத் திருகி, நூலை மூன்று சுற்றுச் சுற்றி
நுனியை உள்ளே செருகிவிட்டால்
பைக் எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் சிந்தாது.
ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் கூட்டத்துக்கு
நானூறு போடுவேன்,
கையைப் பார்க்காமலே.

லத்திக் கணக்கெடுப்பு முடிந்து
டீ குடிக்க வந்தான் வாட்சர் லகுமய்யா.
படிவத்தில் நீளம் கேட்கிறார்கள், சுற்றளவு கேட்கிறார்கள்,
புதுசா பழசா, அதற்கும் ஒரு கட்டம்.
உள்ளே என்ன என்று கேட்கக் கட்டம் இல்லையாம்.
ஓடையில் அலசி எடுத்து வந்திருக்கிறான்.

கல்லா ஓரம் பரப்பினான்.
ராகி உமி ஒட்டிய பால் கவர்,
ஒரு ரூபாய் ஷாம்பு, குர்குரே பாக்கெட்,
யாரோ ஒரு சின்னப் பெண்ணின் ரப்பர் பேண்டு.
அப்புறம் விரல் நீளத்தில் ஒன்று.
நூல் மூன்று சுற்று.
நுனி உள்ளே.

மூங்கில் அந்த வயிற்றில் நாராகிவிடுகிறது.
புளியங்கொட்டை முளைக்கத் தயாராக வெளியே விழுகிறது.
நான் போட்டது
நான் போட்ட மாதிரியே இருந்தது.

'சுற்றளவைப் பார்த்தா ரெண்டு வயசுக் குட்டிக்கா.
உப்புக்குத்தான் வருது.'

எச்சில் இலையும் கவரும் கொட்டும் பின்பக்கப் பள்ளம்
அவை ஆற்றுக்கு இறங்கிய வழி.
இடம் வாங்கும்போது புரோக்கரே சொன்னானாம்:
'யானைத் தடம் சார், அதான் ரேட்டு கம்மி.'
முதலாளி இதை இன்றும்
சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

லகுமய்யா இன்னொன்றும் சொன்னான்,
கிளாஸைக் கழுவி வைத்துக்கொண்டே:
நம்ம ஊர் யானைக்குத் தும்பிக்கை நுனியில்
விரல் மாதிரி ஒன்று உண்டு.
ஒன்றுதான்.

அதற்குள் நான்கு செட் இட்லி பார்சல் கேட்டார்கள்.
கட்டினேன். வேறென்ன செய்ய.

ராத்திரி கடை கழுவிவிட்ட பிறகு
மிஞ்சிய கவர் ஒன்றை மேசையில் வைத்து
இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு
ஆட்காட்டி விரலால் மட்டும்
என் முடிச்சை நோண்டிப் பார்த்தேன்.
உருண்டது. வழுக்கியது. மேசையை விட்டு விழுந்தது.
எடுத்து இழைமாற்றிச் சுருக்கு முடிச்சாகப் போட்டேன்,
அதுவும் அவிழவில்லை.
கடைசியில் பல்லால்தான் கடித்தேன்.

பின்பக்கம் பள்ளத்தில்
ஏதோ சரசரத்தது, நாயாக இருக்கலாம்.
விளக்கைப் போடாமல் நின்றேன்,
வாயெல்லாம் உப்பு.