மூன்று கதிரை

ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
பழைய சாம்பல் கட்டடம்.
இரண்டாம் மாடியில் நுண்ணோக்கிகள்.
மூன்றாம் மாடியில் நாங்கள், கணக்குப் பிரிவு.
வாடை எங்கள் மட்டுக்கும் வருவதில்லை,
எண்கள் மட்டும் ஏறி வரும்.

ஒட்டுண்ணி தேடல், நேரடியாக: ஓர் எண்.
வடித்து, செறிவாக்கி, நிறமூட்டித் தேடினால்
வேறு எண்.
பொதியைப் பிரித்து, பெயர் ஒட்டி
உள்ளே எடுத்த கூலிக்கும் ஓர் எண்,
ஒரு வரவுக்கு ஒரு தடவை.
முட்டை கண்டாலும் காணாவிட்டாலும்
விலை மாறாது.
"இல்லை என்று சொல்லத்தான்
கனநேரம் பார்க்கவேண்டும்" என்பாள் ரெகுலா,
கீழிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து
என் பிஸ்கட்டை எடுத்தபடி.

செவ்வாய், பத்தரை மணி.
தொலைபேசியில் ஒருவர், தடக்கித் தடக்கி
ஜெர்மனில் நாலு சொல்.
என் பெயரைக் கேட்டதும் மூச்சு விட்டார்.
"தமிழோ? நல்லதாப் போச்சு.
எனக்கு ரெண்டு பில் வந்திருக்கு பிள்ளை,
அந்த..."
அந்த.
"ஓம், அந்த" என்றேன் நானும்.

சைவசமயப் பாடத்தில்
மும்மலம் எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியவள் நான்.
ஆணவம், கன்மம், மாயை,
நித்திரையிலும் சொல்வேன்.
குப்பிக்குள் அடங்கிய இந்த மலத்தைச் சொல்ல
நாக்குக் கூசியது.

ஜெர்மன்காரருக்கு லேசு.
இதற்கும் ஷ்டூல் என்பார்கள்,
குந்தியிருக்கும் கதிரைக்கும் ஷ்டூல் என்பார்கள்.
வழி கண்டவர் அவர்தான்.
"அந்தக் கதிரை விசயம்.
மூண்டு நாள் மூண்டு கதிரை குடுக்கச் சொன்னவை.
ரெண்டு குடுத்திட்டன்.
மூண்டாவது கதிரை
ரெண்டு நாளா வரேல்லை."

திரையில் தேடினேன்.
மார்க்கண்டு இரத்தினவேல், ஸோஃபிங்கன்,
பிறப்பு ஐம்பத்தெட்டு.
திங்கள் இரண்டு குப்பி. வியாழன் ஒன்று.
கணினிக்கு மலச்சிக்கல் தெரியாது.
பிந்தி வந்ததைப் புது ஆள் என்று நம்பி
புதிதாய்ப் பெயர் ஒட்டி
புதிதாய்க் கூலியும் போட்டிருக்கிறது.

"முதல் ரெண்டாயிரத்து ஐந்நூறு
என்ர கைக்காசு, தெரியும்தானே.
அதோட பூச்சியும் இல்லையாம்.
இல்லாததுக்கு ரெண்டு பில்லோ?"

மூட்டு வீக்கத்துக்கு ஸ்டீராய்ட் குடுக்க முன்
டொக்டர் கேட்டாராம், எங்கே பிறந்தாய் என்று.
ஒரு புழு இருக்கிறதாம்,
முப்பது நாற்பது வருசம்
குடலில் சத்தமில்லாமல் கிடக்குமாம்,
மருந்து உடம்பின் காவலைத் தணிக்கும்
நாள்வரைக்கும்.
"விசா இல்லாம அவ்வளவு காலமோ!"
சிரித்தார். நானும் சிரித்தேன்.
பிறகு,
"எனக்குப் பதினொரு வருசம் எடுத்தது பிள்ளை,
பேப்பர் கிடைக்க.
ஒவ்வொரு கடிதத்துக்கும் வயித்தைக் கலக்கும்.
அந்த நேரம் ஒருத்தரும் சோதிக்கேல்லை."

அதற்கு என்னிடம் எண் இல்லை.

ரத்துக்குக் காரணம் கேட்டது கணினி.
இரட்டைப் பதிவு.
தவறான ஆள்.
மருத்துவர் மீளப்பெற்றார்.
ஏனையவை.
ஏனையவையை அழுத்தினேன்,
அறுபது எழுத்துக்கு ஒரு வெற்றுக் கட்டம் திறந்தது.
ஜெர்மனில்தான் எழுதினேன்,
மூன்றாவது ஷ்டூல் பிந்தி வந்தது என்று.
சரிபார்க்கும்போது கண்
கதிரை என்றே வாசித்தது.
யாரோ அதைத் தூக்கிக்கொண்டு
பனிக்குள்ளால் நடந்து வருகிற மாதிரி.

"ஐயா, உள்ளே எடுத்த கூலி மட்டும்தான் கழியும்.
மூன்றாவதைப் பார்த்த காசு நிற்கும்" என்றேன்.

கொஞ்சநேரம் பேச்சில்லை.
பின்னால் ரயில் அறிவிப்பு,
அவர் பக்கமோ என் பக்கமோ தெரியவில்லை.

"அது நிக்கட்டும்," என்றார்.
"பாத்தவைதானே."