பதினொரு நிமிடம்

வண்டியின் பின்னால் நாலு பெட்டி.
சீனத்தது, ரஷ்யாவது, ஆக்ஸ்ஃபோர்டு,
ஜெர்மன்காரன் கண்டுபிடித்து அமெரிக்கன் விற்கிற நாலாவது.
ஒன்று உறைந்து கிடக்க வேண்டும்,
மற்றதற்கெல்லாம் நாலு டிகிரி போதும்.
நீஷிலிருந்து ஸாயெச்சார் வரை
பனி ஒதுக்கிய சாலையில்
நான் ஓட்டிப்போவது நாலு வல்லரசுகளை.
போன வருடம் ஐஸ்கிரீம் ஓட்டினேன்.
கதவில் இன்னும் அழியாமல் பாதி ஸ்ட்ராபெரி.

"டெசிமிர், இன்றைக்கு எது வந்திருக்கு?"
மீன்கடையில் கேட்பதுபோல் கேட்கிறார்கள்.
ரயில்வேயில் சிக்னல் பார்த்த ஸ்டோயாட்டினுக்கு
ரஷ்யாவதுதான் வேண்டும்.
ரஷ்யாக்காரன் நம்மை ஏமாற்றமாட்டானாம்.
அவன் கொட்டகையில்
மூன்று வருடமாகக் கிளம்பாத லாடா ஒன்று நிற்கிறது.
பெர்சிடாவின் மகன் ஸ்டுட்கார்ட்டில்.
எல்லையில் எந்தத் தாள் செல்லுமோ
அதுதான் அவளுக்கு நல்ல மருந்து.
ரொட்டிக்கடை அக்கா தங்கை இருவரில்
ஒருத்தி சீனம், ஒருத்தி ஆக்ஸ்ஃபோர்டு.
மாவு பிசையும்போதும் முகம் பார்ப்பதில்லை.

எனக்கு ஏழு வயதில் அம்மை வந்தது ஊருக்கு.
பள்ளிக்கூடத்து வாசலில் சட்டையைக் கழற்றி நின்றோம்.
எந்த நாட்டு மருந்து என்று யாரும் கேட்கவில்லை.
தழும்பு இன்னும் தோளில் இருக்கிறது,
காசு அளவில்.
ஊசி போட்ட நாட்டுக்குத்தான்
இப்போது அந்தப் பெயர் இல்லை.

மிலுங்கா எதையும் தொடமாட்டேன் என்கிறாள்.
"தொண்ணூற்றொன்பதில் நம் சந்தைமேல் குண்டு போட்டவன்
இன்றைக்கு மருந்தும் போடுவானா?"
அன்று அவள் கீரை வாங்கப் போயிருந்தாள்.
கூடையோடு திரும்பினாள், கீரை இல்லாமல்.
சீனத்தது இருக்கிறதே என்றேன்.
"யாருமே சும்மா கொடுப்பதில்லை."
இதற்கு என்ன சொல்வது?
உருளைக்கிழங்கை உரித்துக் கொடுத்தேன்.

பிப்ரவரியில், ஸ்வர்லீக் ஏற்றத்தில்,
விசிறி நின்றுபோனது.
நாலில் இருந்த முள் ஐந்து, ஏழு,
ஒன்பதரை.
குனிந்து வயரை முறுக்கி, உதைத்து, திட்டி,
திரும்ப ஓடவிட்டபோது
பதினொரு நிமிடம் போயிருந்தது.
சாலையில் என்னைத் தவிர ஒரு காக்கை.
முள் மறுபடி நாலில், ஒன்றும் நடக்காததுபோல்.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.
சொல்லாமல் இருப்பதைப் பற்றி
ஒரு சிகரெட் முழுக்க யோசித்தேன்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

நர்ஸ் தாரிங்கா கேட்டாள். திட்டவில்லை.
யாருக்கோ போன் செய்தாள், தலையாட்டினாள்,
ஒரு பெட்டிமேல் சிவப்பு மையில் குறுக்கே கோடு கிழித்தாள்.
அவ்வளவுதான்.
நூற்றுநாற்பது குப்பி.
எந்த நாட்டுப் பெட்டி? சொல்லமாட்டேன்,
கேட்காதவன் இல்லை ஊரில்.
வெளியே பனியில் நின்ற நாற்பது பேர் வீடு திரும்பினார்கள்,
இரண்டு பேர் என் டயரை உதைத்துவிட்டு.

கொடியைப் பார்த்து எனக்கு நம்பிக்கை வரவில்லை.
டெலிவிஷனில் கோட்டுப் போட்டவனைப் பார்த்தும் வரவில்லை.
அந்தச் சிவப்புக் கோடு போகும்போது
தாரிங்காவின் கை நடுங்கவில்லை, அதைப் பார்த்தேன்.
அன்றிரவு விண்ணப்பத்தில்
நாலு கட்டத்தையும் விட்டுவிட்டு
கடைசிக் கட்டத்தில் டிக் போட்டேன்:
எதுவானாலும் சரி.

மிலுங்கா தாளை வாங்கிப் பார்த்தாள்.
"நீயாகவா சொன்னாய்?"
ஆமாம்.
"யாரும் கேட்காமலா?"
ஆமாம்.
"கொட்டிவிட்டார்களா, எல்லாவற்றையும்?"
மூன்றாவது ஆமாமுக்குப் பிறகு
விளக்கை அணைத்துவிட்டாள்.

மறுநாள் விடியுமுன் வண்டியைக் கிளப்பினேன்.
செருப்போடு பனியில் வந்தாள்.
கையில் ரொட்டிப் பொட்டலம் என்று நினைத்தேன், இல்லை.
ஜன்னல் வழியே எட்டி முள்ளைப் பார்த்தாள்.
"எவ்வளவு?"
நாலு.
"ம்" என்றாள்.
உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.
தாழ் போடும் சத்தம்
கேட்டதா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.