கேஸு

மூன்று ஈ.சி.ஜி.யும் நார்மல்.
'கேஸ்தான்டா, சோடா குடி'
என்றான் கிளீனர் யோவான்.

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
கூட்ஸின் ஐம்பத்தெட்டுப் பெட்டியும்
என் நெஞ்சின் மேல்தான் போகும்.
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி செத்து,
கேட் திறந்ததும் கியர் போடுவேன்.
பின்னால் ஹாரன் அடிக்கிறவனுக்கு என்ன தெரியும்.

காலையில் ஒன்று. ராத்திரி அரை.
அரை, பதினைந்து நாளைக்குத்தான்,
போட்டுட்டு வண்டி எடுக்காதீங்க:
ஸ்டான்லி டாக்டரம்மா அடிக்கோடு போட்டார்.
பிளேடால் அறுத்தால்
ஒரு பாதி எப்போதும் பெரிசு.
மோசமான ராத்திரிக்கென்று
அதை எடுத்து வைக்கிறேன்.

மருந்து வரிசையில் எனக்கு முன்னால்
துறைமுக யூனியன் துளசிங்கம்,
மைக் இல்லாமலே கேட்டை அதிர வைக்கிற ஆள்.
கையில் நாலாய் மடித்த அதே சீட்டு.

'இன்னாண்ணே இங்க?'
'கேஸுப்பா.'
'எனக்கும்தாண்ணே.'

வரிசை ஒரு ஆள் நகர்ந்தது.