நபருக்கு எண்ணூற்றைம்பது, மதியச் சாப்பாடு உட்பட

ஏழேகாலுக்கு வர வேண்டிய வேன்
கும்பகோணத்தில் எட்டு மணிக்கு வந்தது.
பதினோரு இருக்கை, பத்துப் பேர்.
மிச்ச இருக்கையில் வழிகாட்டி ஜியாவுதீனின் குடை,
மைக், ஈரச்சாக்கு மூடிய ஒரு கூடை.

ஒரு பாலம். "அரசலாறு" என்றது மைக்.
கொஞ்ச தூரத்தில் இன்னொன்று: குடமுருட்டி.
பிறகு திருமலைராஜன்.
முன் இருக்கைப் பெங்களூர்க்காரர்
எல்லாவற்றையும் டைரியில் எழுதிவிட்டுக் கேட்டார்:
"இதுல காவேரி எதுங்க?"
ஜியாவுதீன் சிரிக்கவில்லை.
"எல்லாம் அதே தண்ணிதான் சார்.
முறை வச்சு விடுறப்ப
யார் பேருக்கு வருதோ, அன்னைக்கு அது காவேரி."

அறிமுகச் சுற்றில்
ஆஸ்பத்திரியில் வேலை என்று மட்டும் சொன்னேன்.
கரூரில் பல் டாக்டர் என்று சொன்னால்
ஆளாளுக்கு வாயைத் திறப்பார்கள்.
அதுவும் வெற்றிலை பார்க்க வந்த வேனில்.

ராஜகிரி தாண்டிக் கொடிக்கால்.
செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.
சாமி காரியம் இல்லை,
வெளி மண் ஒட்டி வந்தால் கொடி வாடிப்போகுமாம்.
வாய்க்கால் நீரில் காலைக் கழுவி
வரிசையாகக் குனிந்து நுழைந்தோம்.

வெயில் அகத்தி உச்சியிலேயே நின்றுவிட்டது.
உள்ளே பச்சை, ஈரம்,
சேற்றில் புதைந்த கணுக்காலுக்கு மட்டும்
மார்கழி.
ஒவ்வொரு அகத்தியிலும் ஒரு கொடி,
கோரையால் கட்டியது, இறுக்காமல்,
குழந்தைக்கு அரைஞாண் கட்டுகிற மாதிரி.

வேம்பரசி இலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.
கட்டைவிரலில் தகர நகம்.
டிக், டிக், டிக்.
நாங்கள் பத்துப் பேர் போட்டோ எடுத்தும்
அந்தத் தாளம் கெடவில்லை.

வாழையிலை விரித்து ருசி பார்த்தல்.
சுண்ணாம்பு இல்லை, பாக்கு இல்லை.
"முதல்ல மூக்கு, அப்புறம் நாக்கு நுனி,
அவசரப்படாதீங்க" என்றார் ஜியாவுதீன்.
கல்யாணம் நிச்சயமான பையன் மென்றுவிட்டு
"பல்பொடி மாதிரி இருக்கு" என்றான்.
அவனுக்கு நிச்சயமானவள் அவனை
இன்னொரு முறை யோசிப்பது போலப் பார்த்தாள்.
பெங்களூர்க்காரர் மிளகு என்று எழுதிக்கொண்டார்.
அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை,
இரண்டாவது இலைக்குக் கை நீட்டினாள்.

அப்போதுதான் வேம்பரசி
பல்பொடிக்காக வாய்விட்டுச் சிரித்தாள்.
இடது கன்னத்தின் உள்பக்கம்
ஒரு ரூபாய் அளவில் வெள்ளை.
பார்க்கக் கூடாது என்றுதான் லீவு போட்டிருந்தேன்.

மற்றவர்கள் மோட்டார் கொட்டகைக்குப் போனதும்
கேட்டேன், எவ்வளவு நாளாக.
"எது?"
கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன், என்னுடையதை.
வெற்றிலையைக் குறையுங்கள் என்று தொடங்கினேன்.
வருடம் முழுக்கச் சொல்கிற வாக்கியம்,
வாய் தானாக ஓடியது.

"எலையா? நானா?"
தகர நகத்தை முந்தானையில் துடைத்தாள்.
"எல விக்கிற வெலைக்கு நான் திங்கவா?
நமக்குப் பொட்டலந்தான். அஞ்சு ரூவா."
இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள்.
பளபளப்பான பொட்டலம், அதன்மேல்
ஒருவரும் படிக்காத ஒரு படம்.

பயணச்சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்:
தஞ்சாவூர், பெரிய ஆஸ்பத்திரி, எந்தப் பிரிவு,
காலையிலேயே போக வேண்டும் என்பதற்கு அடிக்கோடு.
படிக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை.
அவளும் யார் நீ என்று கேட்கவில்லை.
சீட்டை நாலாக மடித்துப்
பொட்டலம் இருந்த இடத்திலேயே செருகினாள்.
பொட்டலத்தையும் செருகினாள்.

பாபநாசத்தில் சாப்பாடு. ரசம் நன்றாக இருந்தது.
வேறெதுவும் நினைவில்லை.

திரும்பும்போது பாலங்கள் தலைகீழாக வந்தன,
மைக் தூங்கிவிட்டது.
இருட்டில் எந்த ஆற்றுக்கும் பெயர் இல்லை.
நாக்கில் மட்டும் அந்தக் காரம்,
முதலில் கசந்து, பிறகு சுட்டு,
பிறகு ஏனோ வாயெல்லாம் குளிர்ந்து.
பதினோரு வருடத்தில் நான் மென்ற முதல் இலை.

கிளம்பும்போது அவள் தந்த கவுளியைக்
கரூர் பஸ்ஸில் மடியில் வைத்து எண்ணினேன்.
கவுளிக்கு நூறு இலை.
நூற்று நான்கு இருந்தது.
மறுபடி எண்ணினேன்.
அந்தக் கை எண்ணிக்கையில் தவறுகிற கை இல்லை.