கேள்வி ஆறு

சென்ற ஆண்டு ஒரே வரியில் திரும்பி வந்தது:
அடிப்படைத் தரவு போதாது.
நாங்கள் அனுப்பியிருந்தது பதினேழு பக்கம்.
உயிர்நாடி, பொறுப்புணர்வு, வருங்காலச் சந்ததி
எல்லாமே இருந்தன,
சுங்கை பினாங்கின் தண்ணீர்
எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதைத் தவிர.

காதர் கடையில் விளிம்பு உடைந்த ரொட்டிச் சானாய்த் தட்டு.
சும்மாதான் கொடுத்தார்.
ரசீது வேண்டுமென்று இரண்டு வெள்ளி நீட்டினேன்,
கணக்கில் அதுவே முதல் செலவு.
கால்வாசிக்குக் கால்வாசி கறுப்பும் வெள்ளையும் பூசி
நடுவில் துளையிட்டு நைலான் கயிறு கட்டி
சனிக்கிழமைதோறும் இரண்டு பாலங்களிலிருந்து இறக்கினோம்.
தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ
அது ஆற்றின் அன்றைய வாக்குமூலம்.

பதினொன்று. ஒன்பது. மறுபடி பதினொன்று.
ரொஸ்லான் அளவு சொல்வான், சியூ ஹூன் குறிப்பாள்,
கயிறு என் கையில்.
நாற்பத்தெட்டு சனிக்கிழமையில்
நாற்பத்தேழுக்குத்தான் எண் உண்டு.
ஒன்றில் குணசீலனின் அப்பாவைத்
தகனத்துக்குக் கொண்டு போனோம்.
சராசரி போட்டு நிரப்பிவிடலாம் என்றாள் தவமலர்.
அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது.
அடிக்குறிப்பு: அன்று ஆற்றுக்குப் போகவில்லை.

இன்றிரவு பதினொன்று ஐம்பத்தொன்பதோடு வாசல் சாத்தப்படும்.
ஜெலுத்தோங்கில் டயர்க் கடைக்கு மேல்மாடி.
மின்விசிறி சுற்றுக்கொரு தரம் முனகுகிறது.
படிவம் மலாயில், சண்டை தமிழில்,
கூட்டல் மட்டும் சியூ ஹூனின் ஹொக்கியனில்.
பூட்ஸ், கையுறை, ஆய்வகக் கட்டணம், வேனுக்குப் பெட்ரோல்;
ஒவ்வொன்றுக்கும் மூன்று கொட்டேஷன்.
தே தாரேக்குக் கட்டமே இல்லை.
உங்கள் உழைப்புக்கும் விலை போடுங்கள் என்கிறது ஓரிடம்.
மணிக்குப் பதினைந்து வெள்ளி என்று அடித்ததும்
ஐந்து பேரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

கேள்வி ஆறு.
எண்ணா, தண்ணியா? என்றான் குணசீலன்.
எந்தப் பிரச்சினையை எப்படித் தீர்ப்பீர்கள்,
ஐந்நூறு எழுத்துக்குள்.
எங்களிடம் இருந்தது ஆயிரத்து நூற்றுப் பத்து.
'மிகவும்' போனது.
'கறுத்து நாறும்' போனது, ரொஸ்லானுக்கு வருத்தம்.
'மாபெரும் விழிப்புணர்வு இயக்கம்' போனபோது
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
'எங்கள் ஆறு' என்பதில் 'எங்கள்' நெடுநேரம் நின்று
பிறகு போனது.
மிஞ்சியது:
மேல்பாலத்தில் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர், கீழ்ப்பாலத்தில் பதினொன்று.
நடுவில் பதினான்கு வடிகால் வாய்கள்.
மூன்று எங்கிருந்து வருகின்றன என்று
எந்த வரைபடத்திலும் இல்லை.
அந்த மூன்றையும் பின்தொடர்ந்து போவோம்.

ஆற்றைக் காப்பாற்றுவோம் என்று
இந்த முறை எங்கும் எழுதவில்லை.

கேள்வி ஒன்பது, இடர்கள்.
மழை என்று போட்டோம். ஏற்றவற்றம் என்று போட்டோம்.
'ஆட்கள் களைத்துப்போகலாம்,'
தலையைத் தூக்காமல் சொன்னாள் தவமலர்.
மின்விசிறி இரண்டு முறை முனகியது.
எதிர்க் கட்டத்தில் 'தணிக்கும் வழி' கேட்டிருந்தார்கள்.
சியூ ஹூன் அடித்தாள்:
சுழற்சி முறை, மாதம் ஒரு சனிக்கிழமை ஓய்வு.

பதினொன்று நாற்பத்தொன்றுக்குக் கோப்பு பெரிதென்று திருப்பியது.
தட்டின் படத்தைச் சுருக்கினோம்.
பதினொன்று ஐம்பத்திரண்டுக்குப்
'பெறப்பட்டது' என்று ஒரு சொல்லும் பத்து இலக்கமும் வந்தன.
பதிலுக்கு நான்கு மாதம்.

'அப்ப நாளைக்கு ஓய்வா?'
'பணம் பாஸானாத்தான் ஓய்வு.'
குணசீலன் சிரிக்கவில்லை.
கயிற்றின் சிக்கை ஏற்கெனவே
எடுக்கத் தொடங்கியிருந்தான்.