பதினோரு வருஷச் சந்தா

செசிலியா அத்தைக்கு
எட்டாம் நாள் நெற்றியில் சொட்டுத் தண்ணீர்.
கல்யாணத்துக்காக லுத்தரனில் திடப்படுத்தல்.
அறுபது வயதில் வீரசோழன் ஆற்றில்
பாஸ்டர் கைத்தாங்க முழு முழுக்கு.
செத்தது பொறையாறில், ஐப்பசி அடைமழையில்.

பங்குச் சாமியின் புத்தகத்தில் பேரை அடித்திருந்தார்கள்.
ஐயரிடம் பேர் இருந்தது,
பதினோரு வருஷச் சந்தா பாக்கியோடு.
பாஸ்டருக்குச் சபை உண்டு, கல்லறைத் தோட்டம் கிடையாது.

மூவரும் நல்ல மனுஷர்கள்.
காப்பி வாங்கிக் கொடுத்தார் ஒருவர்.
ஆனாலும் மெய்யான சபை என்று
ஒன்றுதானே இருக்க முடியும் தம்பி என்றார்கள்,
மூன்று வேறு வராந்தாக்களில்.

பாக்கியைக் கட்டினேன்.
ரசீதில் அப்படி எதுவும் அச்சிடவில்லை,
பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

இரண்டடியிலேயே ஊற்று.
குழி வெட்டிய மதலைமுத்து ஆர்.சி.
வாளி பிடித்த நான் எந்தக் கோயிலுக்கும் போவதில்லை.
பாஸ்டர் மகன் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான்.
இறைக்க இறைக்க
அடுத்த காம்பவுண்டின் அடியிலிருந்தும் வந்துகொண்டிருந்தது.

இருட்டிவிடும் என்றார் ஐயர்.
தண்ணீரிலேயே இறக்கினோம்.
பெட்டி மிதந்தது கொஞ்ச நேரம்,
வடக்கே திரும்பி, பிறகு மெதுவாய்த் தெற்கே.
கயிற்றை யாரும் விடவில்லை.