மூன்றாம் சரணம்

பாட்டு வரிகளுக்குப் பின்னால்
இத்தனை நாளும் கோதுமை வயல்.
எந்த தேசத்து வயலோ,
கோத்தகிரியில் யார் கண்டது கோதுமையை?

ஞாயிறுதோறும் லேப்டாப் என் பொறுப்பு.
வரி தப்பினால் மட்டும்
என் பக்கம் திரும்பும் சபை.

போன வாரம் வயலை எடுத்துவிட்டு
என் போனில் கிடந்ததை வைத்தேன்:
பனியில் பாதி அழிந்த காட்டெருமை,
கட்டபெட்டு வளைவில் சரிந்த கேரட் மூட்டை,
எடைக்குக் காத்திருந்த ஒரு கை,
நகக்கண் வரை தேயிலைக் கறை.

படம் பிடிப்பது எனக்கு
முழங்கால் போடுகிற மாதிரி.
சொன்னால் சிரிப்பார்கள்.

"ஆராதனைல மாடு எதுக்கும்மா?"
செயலர் தங்கையா.
மாடில்லை, காட்டெருமை என்றேன்.
கமிட்டியில் வைக்கிறோம் என்றார்.

வைக்கட்டும்.

மூன்றாம் சரணத்தில்
பெர்சிஸ் அக்கா பாட்டை நிறுத்தியதை
நான் மட்டும்தான் பார்த்தேன்.
திரையைப் பார்த்தார்.
முன்பெஞ்சின் சாய்மானத்தில் இருந்த
தன் கையைப் பார்த்தார்.
மெல்ல முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அடுத்த வரியைப் போட மறந்து நின்றேன்.
சபை என் பக்கம் திரும்பியது,
பெர்சிஸ் அக்காவும்.